நூற்றாண்டு நிதியும் மாதம் ஐந்து வீதமும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நூற்றாண்டுக் கூட்டத்தில் பேச வருபவர்கள் கல்லூரியின் பழம்பெருமையைப் பேசுவதுதான் வழக்கம். எனக்குத் தரப்பட்டது வேறு வேலை. இன்றைய நிகழ்ச்சி நிரலின் ஏழாவது விடயத்தை நீங்கள் வாக்குக்கு விடுமுன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று விளங்கப்படுத்தச் சொல்லித் தலைவி கேட்டார். முப்பது வருடம் ரொறன்ரோவில் கணக்காளராக வேலை செய்தவள் என்பதால் என்னிடம் கேட்டார் என்று நினைக்கிறேன். அந்தப் பிரேரணையைக் கொண்டுவந்தது என் பெறாமகள். அவவும் இந்தக் கல்லூரிப் பிள்ளைதான். இப்போது நியூ ஜேர்சியில் இருக்கிறா. நான் பேசப் போவதைக் கேட்டு அவ கோவிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

எங்கள் புலமைப்பரிசில் நிதியில் வெளிநாட்டுக் கிளைகள் சேர்த்த 36,000 டொலர் இருக்கிறது. உயர்தரம் படிக்கும் 18 பிள்ளைகளுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் கொடுக்கிறோம். டொலர் வைப்புக்கு நாலு வீத வட்டி என்று வைத்துக்கொண்டால் வருடம் 1,440 டொலர். டொலர் 300 ரூபாய் என்று பார்த்தால் மாதம் 36,000 ரூபாய். ஏழு பிள்ளைகளுக்குத்தான் அது காணும். மற்றப் பதினொரு பேருக்கும் உங்கள் சந்தாவாலும் வருடாவருடம் வைக்கும் இசை நிகழ்ச்சியாலும் ஒப்பேற்றுகிறோம். போன வருடம் பொருளாளர் தன் கைக்காசைப் போட்டதும் இங்கே பலருக்குத் தெரியும்.

பெறாமகளின் பிரேரணை இதுதான். அந்த 36,000 டொலரையும் ஓர் அமெரிக்கத் தரகுக் கணக்கில் வைத்து, சந்தை இறங்கும்போது மூன்று மடங்கு ஏறும் ஒரு நிதியத்தின் மீது மாதாமாதம் ‘புட் ஒப்ஷன்’ விற்பது. மாதம் ஐந்து வீதம், அதாவது 1,800 டொலர் வரும். ரூபாயில் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். பதினெட்டுப் பிள்ளைகள் அல்ல, நூறு பிள்ளைகளைப் படிப்பிக்கலாம். கடனும் இல்லை, முழுப் பணமும் கையில் வைத்துத்தான் செய்கிறோம், ஆகவே பாதுகாப்பானது என்று எழுதியிருக்கிறா. இந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் நான் விமானம் ஏறி வந்தேன்.

புட் ஒப்ஷன் என்றால் என்ன? சுன்னாகம் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தோட்டக்காரர் வெங்காயம் நட்டிருக்கிறார். கிண்டுகிற நேரம் விலை விழுந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். ஒரு வியாபாரியிடம் போய், “அண்ணை, இந்தா அந்தருக்கு 500 ரூபாய் இப்பவே பிடியுங்கோ. ஒரு மாதத்துக்குள் நான் கொண்டுவந்தால் அந்தர் 9,000 ரூபாய்க்கு வாங்க வேணும். கொண்டுவராவிட்டால் 500 உங்களுக்கே” என்கிறார். சந்தை விலை 10,000 ஆக நின்றால் அவர் ஏன் 9,000 க்கு வியாபாரியிடம் கொண்டுபோகிறார்? 500 வியாபாரிக்கு இலாபம். விலை 5,000 க்கு விழுந்தால் மூட்டையெல்லாம் வியாபாரியின் வாசலில் வந்து இறங்கும். தோட்டக்காரர் வாங்கியது ஒரு காப்புறுதி. வியாபாரி விற்றது அந்தக் காப்புறுதி. புட் விற்பவர் அந்த வியாபாரி.

அமெரிக்காவில் இது ஒழுங்கான சந்தையாக 1973 ஏப்ரலில் சிக்காகோவில் தொடங்கியது. முதலில் வாங்கும் உரிமையான ‘கோல்’ மட்டும். விற்கும் உரிமையான ‘புட்’ 1977 இல் வந்தது. ஓர் ஒப்பந்தம் என்றால் 100 பங்கு. பிரேரணையில் உள்ள உதாரணத்தையே எடுப்போம். நிதியத்தின் ஒரு பங்கு 20 டொலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத் தவணையில் 18 டொலருக்கு வாங்குகிறேன் என்று ஒப்புக்கொண்டு பங்குக்கு 90 சதம் வாங்குகிறோம். ஓர் ஒப்பந்தத்துக்கு 90 டொலர் வரவு. அதற்காக 1,800 டொலர் கணக்கில் பூட்டப்படும். எங்கள் 36,000 க்கு இருபது ஒப்பந்தம். விலை 18 க்கு மேல் நின்றால் 1,800 டொலர் எங்களுக்கு. விலை 12 க்குப் போனால் 12 டொலர்ப் பொருளை 18 கொடுத்து வாங்க வேண்டும். 90 சதத்தைக் கழித்தாலும் பங்குக்கு 5 டொலர் 10 சதம் நட்டம். இருபது ஒப்பந்தத்துக்கும் 10,200 டொலர். தவணை வரும்வரை காத்திருக்கவும் மற்றவருக்குக் கட்டாயம் இல்லை. இடையில் எந்த நாளிலும் எங்கள் தலையில் கட்டலாம்.

இதில் ‘பாதுகாப்பு’ எங்கே இருக்கிறது? பணம் முழுதாகப் பூட்டியிருப்பதால் நாங்கள் சொன்ன சொல் தவற மாட்டோம் என்று தரகருக்கும் எதிரே வாங்கியவருக்கும் பாதுகாப்பு. எங்களுக்கு அதில் ஒரு சதப் பாதுகாப்பும் கிடையாது. கடன் பட்டு விற்றவருக்கு, வைத்த பணத்துக்கு மேலும் கடன் ஏறும். எங்களுக்கு வைத்த பணத்தோடு முடியும். வித்தியாசம் அவ்வளவுதான். வீட்டை அடைவு வைத்தவர் ‘உறுதி வங்கியில் பத்திரமாக இருக்கிறது’ என்று சொல்வதைப் போன்றது இது. பத்திரமாகத்தான் இருக்கிறது, வங்கிக்கு.

நல்ல பொருளின் மீது இதைச் செய்வதில் பிழையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பெரிய கம்பனியின் பங்கையோ முழுச் சந்தையையும் தழுவிய நிதியத்தையோ எப்படியும் வாங்க நினைத்திருப்பவர், ‘இன்னும் கொஞ்சம் மலிந்தால் வாங்குவேன்’ என்று சொல்லி அதற்கும் ஒரு கூலி பெறுகிறார். சிக்காகோ ஒப்ஷன் சந்தையே இந்த முறைக்கு ஒரு சுட்டி வைத்துப் பல வருடமாகக் கணித்து வருகிறது. விலை விழுந்து பொருள் கைக்கு வந்தால் அவர் அதை வைத்திருப்பார். வைத்திருந்தால் வளரக்கூடிய பொருள் அது. பிரேரணையில் உள்ள பொருளை வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

அந்த நிதியத்தின் பெயர் எஸ்.கியூ.கியூ.கியூ. புரோஷெயர்ஸ் என்னும் கம்பனி 2010 பெப்ரவரியில் தொடக்கியது. நஸ்டாக் சந்தையின் 100 பெரிய கம்பனிகள் சேர்ந்த சுட்டி ஒரு நாளில் ஒரு வீதம் இறங்கினால் இது மூன்று வீதம் ஏறும். அது ஒரு வீதம் ஏறினால் இது மூன்று வீதம் இறங்கும். ‘ஒரு நாளில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒவ்வொரு நாள் மாலையும் கணக்கு முடித்து, அடுத்த நாள் காலை புதிதாக மூன்று மடங்கு கட்டுகிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் கணித ஆசிரியை ஒருநாள் கேட்டா: “நூறு ரூபாய் பத்து வீதம் கூடிப் பிறகு பத்து வீதம் குறைந்தால் எவ்வளவு?” முழு வகுப்பும் ஒரே குரலில் “நூறு” என்றது. அவ ஒன்றும் சொல்லவில்லை, சோக்கட்டியை என் கையில் தந்தா. கரும்பலகையில் 110 எழுதி, அதில் 11 கழித்து, 99 வந்ததும் நான் முழுசிக்கொண்டு நின்றது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அந்த ஒரு ரூபாய் எங்கே போனது என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன்.

அதே கணக்கை இந்த நிதியத்துக்குச் செய்து பாருங்கள். சுட்டி 100 இலிருந்து 110 க்குப் போகிறது. நிதியம் 30 வீதம் இறங்கி 70 ஆகிறது. மறுநாள் சுட்டி பத்து வீதம் இறங்கி 99 க்கு வருகிறது. நிதியம் 30 வீதம் ஏறுகிறது; ஆனால் 70 இன் 30 வீதம் 21 தான். ஆகவே 91. இரண்டு நாளில் சுட்டி ஒரு வீதம் இறங்கியிருக்கிறது. இறங்கினால் ஏற வேண்டிய நிதியம் மூன்று வீதம் கூடி 103 ஆக நிற்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? ஒன்பது வீதம் நட்டத்தில் நிற்கிறது. சந்தையின் போக்கைச் சரியாகச் சொன்னவருக்கும் நட்டம். ஆசிரியையின் அந்த ஒரு ரூபாய் இங்கே பல மடங்காகிவிட்டது. சந்தை எவ்வளவுக்கு மேலும் கீழும் துள்ளுகிறதோ அவ்வளவுக்கு இந்தக் கரைவு கூடும். வெயிலில் பிடித்த ஐஸ்பழம் மாதிரி, யாரும் கடிக்காமலே குறைந்துகொண்டு போகும்.

இதன்மேல், சந்தை நீண்ட காலத்தில் ஏறிக்கொண்டு போவது வேறு. 2023 இல் அந்தச் சுட்டி 53 வீதத்துக்கு மேல் ஏறியபோது இந்த நிதியம் நான்கில் மூன்று பங்குக்குக் கிட்ட இழந்தது. 2010 இல் இதில் 100 டொலர் போட்டு இன்றுவரை வைத்திருந்தவருக்கு ஒரு டொலர்கூட மிஞ்சியிராது. அப்படியானால் பங்கின் விலை எப்படிச் சதங்களுக்கு விழாமல் இருக்கிறது? விலை சதங்களாகச் சுருங்க விடாமல் காலத்துக்குக் காலம் பங்குகளைச் சேர்த்து ஒன்றாக்குகிறார்கள். ஐந்து பங்கு ஒன்றாகும், விலை ஐந்து மடங்காகத் தெரியும், பெறுமதி மாறாது. அப்படிச் செய்யும்போது எங்கள் ஒப்பந்தமும் 100 பங்குக்குப் பதில் 20 பங்கு என்று மாற்றி எழுதப்படும். அந்த மாற்றிய ஒப்பந்தத்தை இடையில் விட்டு வெளியேறப் பார்த்தால் நியாய விலைக்கு ஆள் கிடைப்பது கடினம்.

அமெரிக்கத் தரகு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஃபின்ரா அமைப்பு 2009 ஜூனிலேயே, இப்படித் தினமும் புதுப்பிக்கும் நிதியங்கள் ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க நினைக்கும் சாதாரண முதலீட்டாளருக்குப் பொதுவாகப் பொருந்தாது என்று தரகர்களுக்கு அறிவித்தது. எங்கள் சங்கம் நூறு வயதுச் சங்கம். ஒரு நாள் வியாபாரம் எங்களுக்குச் சரிவராது.

பெறாமகள் இதற்கு இரண்டு பதில் எழுதியிருக்கிறா. சந்தை விழுந்தால் இந்த நிதியம் ஏறும், ஆகவே கெட்ட காலத்தில் எங்களுக்குக் கவசம் என்பது ஒன்று. நிதியத்தை வாங்கியவருக்கு அது சரி. விற்றவர் நாங்கள் புட்டை. நிதியம் இரண்டு மடங்கானாலும் எங்களுக்கு வருவது அதே 90 டொலர்தான், ஒரு சதமும் கூட வராது. ஏற்றம் முழுவதும் வேறொருவருக்கு, இறக்கம் எங்களுக்கு. மற்றப் பதில், பங்கு தலையில் விழுந்தால் பொறுமையாக வைத்திருந்து, விலை திரும்பும்வரை அதன்மேல் கோல் விற்றுச் சம்பாதிக்கலாம் என்பது. பிள்ளை, பழைய விலைக்குத் திரும்பி வரும் குணம் உள்ள பொருளுக்குத்தான் அந்த வைத்தியம். கரைகிற பொருளை வைத்துக்கொண்டு காத்திருந்தால், வாங்கிய 18 டொலருக்குக் கோல் விற்க ஒருவரும் காசு தரமாட்டார்கள். 12 டொலருக்கு விற்றால் ஒருநாள் திடீரென்று ஏறும்போது 12 க்கே கொடுத்துவிட்டு நிற்போம்.

“பதினொரு மாதம் செய்தேன், பதினொரு மாதமும் இலாபம்” என்று அவ எழுதியதை நான் நம்புகிறேன். காப்புறுதி விற்பவருக்குப் பெரும்பாலான மாதங்கள் இலாபமாகத்தான் இருக்கும். வீடு எரியாத மாதங்கள்தானே கூட.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் விற்றேன்.

2025 ஏப்ரல் 3ஆம் 4ஆம் திகதிகளில் அமெரிக்கா அறிவித்த இறக்குமதி வரிகளால் நஸ்டாக் ஒவ்வொரு நாளும் ஆறு வீதத்தை அண்டி விழுந்தது. சந்தையின் பயத்தை அளக்கும் விக்ஸ் சுட்டி 8ஆம் திகதி 52 க்கு மேலே முடிந்தது. பயம் கூடினால் காப்புறுதிக் கட்டணம் கூடும். ஒப்ஷன் விலைகள் தென்னைமரத்தில் ஏறி நின்றன. ஓய்வு பெற்றபின் பொழுது போகாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கை துருதுருத்தது. கணக்கு விளங்குவதற்காக நூறாகச் சொல்கிறேன். நிதியம் 100 இல் நின்றது. மே 16ஆம் திகதித் தவணைக்கு, 90 கொடுத்து வாங்குகிறேன் என்று ஒப்புக்கொண்டு 14 வாங்கினேன். 38 நாளில் 90 க்கு 14! சந்தை இன்னும் விழும் என்று தொலைக்காட்சியில் எல்லோரும் சொன்னார்கள். விழுந்தால் நிதியம் ஏறும், 14 எனக்குச் சும்மா வரும் என்று நினைத்தேன்.

மறுநாள் 9ஆம் திகதி பெரும்பாலான நாடுகளுக்கு வரியை 90 நாள் நிறுத்தி வைப்பதாக ஜனாதிபதி ட்ரம்ப் அறிவித்தார். அந்த ஒரே நாளில் நஸ்டாக்கின் 100 கம்பனிச் சுட்டி 12 வீதம் ஏறியது. மூன்று மடங்கு, எதிர்ப்புறமாக: நிதியம் 36 வீதம் இறங்கியது. 100 இல் நின்றது மாலையில் 64. என் 14 ஐக் கழித்தாலும் 12 போய்விட்டது. அன்றைக்கே விட்டு வெளியே வந்திருக்கலாம். அடுத்த நாள் சந்தை கொஞ்சம் இறங்கியது, எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இவ்வளவு பெரிய ஏற்றம் நிற்காது என்று பொறுத்திருந்தேன். மே 16 வந்தபோது சந்தை இன்னும் மேலே, நிதியம் இன்னும் கீழே. 90 கொடுத்து எனக்கு வந்து சேர்ந்தவை அதில் பாதிப் பெறுமதியும் இல்லை. பிரீமியத்தைக் கழித்தும் நான் பூட்டி வைத்த பணத்தில் நூற்றுக்கு முப்பத்தைந்துக்கு மேல் போனது. என் வீட்டுக்காரருக்குச் சொல்ல இரண்டு கிழமை எடுத்தது. தொகையை இங்கே சொல்ல மாட்டேன். பேத்தியின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கென்று ஒதுக்கிய காசு என்று மட்டும் சொல்கிறேன். அரங்கேற்றம் நடக்கும். சேலைகள் குறையும்.

அன்று நான் போட்ட இடத்தில் எங்கள் 36,000 டொலரும் இருந்திருந்தால் ஏறத்தாழ 13,000 டொலர் போயிருக்கும். ரூபாயில் முப்பத்தொன்பது லட்சம். பதினெட்டுப் பிள்ளைகளுக்கு மூன்றரை வருடத்துக்கு மேல் கொடுக்கும் காசு, அதாவது இப்போது உயர்தரத்தில் இருக்கிற பிள்ளைகளும் அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்களும். இது மிகக் கெட்ட உதாரணமும் அல்ல. 2018 பெப்ரவரி 5ஆம் திகதி விக்ஸ் 17 இலிருந்து 37 க்குப் பாய்ந்தபோது, அதற்கு எதிர்ப்புறமாக ஒரு மடங்கு மட்டும் கட்டிய எக்ஸ்.ஐ.வி. என்னும் பத்திரம் ஒரே நாளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கரைந்தது. அதை வெளியிட்ட கிரெடிட் சுவிஸ் வங்கி அடுத்த நாளே அதை மூடுவதாக அறிவித்தது.

ஐந்து வீதம் ஏன் ஐந்து வீதமாக இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லித்தர அமெரிக்கா தேவையில்லை. 2022 இல் எங்கள் திறைசேரி உண்டியல் 30 வீதத்துக்குப் போனதை இங்கே எல்லோரும் பார்த்தோம். அரசு காசைத் திருப்பித் தருமா என்ற பயத்துக்குக் கொடுத்த விலை அது. அப்போது துணிந்து வாங்கியவர்கள் தப்பினார்கள், நன்றாக உழைத்தார்கள், எனக்குத் தெரிந்த ஒரு ரீச்சர் வீட்டுக்கு மாபிளே போட்டா. ஆனால் அவ போட்டது தன்னுடைய காசு.

ஆகவே ஏழாவது விடயத்துக்கு நான் எதிராக வாக்களிப்பேன். அதற்குப் பதிலாக ஒரு திருத்தம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். பெறாமகளிடம் நேற்று இரவு காட்டினேன், வாசித்துவிட்டு “பெரியம்மா, காசு போனதை எனக்கு ஏன் முதலே சொல்லவில்லை” என்று மட்டும் கேட்டா. திருத்தம் இதுதான். முதல் 36,000 டொலரும் டொலர் வைப்பில், ஒரு வருடத் தவணையில் இருக்கட்டும். குறைகிற பதினொரு பிள்ளைகளை வெளிநாட்டுக் கிளைகள் பெயர் சொல்லிப் பிரித்து எடுக்கட்டும். ஒரு பிள்ளைக்கு மாதம் 17 டொலருக்கும் குறைவு. ரொறன்ரோக் கிளை நாலு பேரை எடுக்கும் என்று ஏற்கனவே சொல்லிவிட்டது. நியூ ஜேர்சியில் மூன்று பேரைத் தான் பார்ப்பதாகப் பெறாமகள் இன்று காலை சாப்பிடும்போது சொன்னா. இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். இலண்டன், மெல்பேர்ண் கிளைக்காரர் இங்கே முன் வரிசையில் இருக்கிறீர்கள், நான் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

ஜனவரி மாதக் கொடுப்பனவு 10ஆம் திகதி பிள்ளைகளின் கணக்குக்குப் போக வேண்டும் என்று பொருளாளர் சொல்கிறா. பெயர் தருகிறவர்கள் தேநீருக்குப் போகுமுன் அவவின் மேசையில் உள்ள கொப்பியில் எழுதிவிட்டுப் போங்கள். ஒப்ஷன் பற்றி என்னிடம் இன்னும் கேட்க விரும்புகிறவர்கள் தேநீரோடு வாருங்கள்; கரும்பலகையும் சோக்கட்டியும் பக்கத்து வகுப்பறையில் இருக்கின்றன.